காட்டிக்கொடுக்கும் கொட்டமுத்து

மல்லாட்டைக் கொல்லையின் வரப்போரம் கொட்டமுத்து நிற்பதைப் பார்த்து, எண்ணெய்க்கா என்று கேட்கிறார்கள். புழுவுக்கு என்பேன். திருவண்ணாமலைப் பக்கத்து மானாவாரிக்காரர்களான எங்களுக்கு நிலக்கடலைதான் மல்லாட்டை, ஆமணக்குதான் கொட்டமுத்து.

புரோட்டீனியா வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு மல்லாட்டை இலையைவிட அகலமான கொட்டமுத்து இலை பிடிக்கும். ராத்திரியில் வந்து நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் உடம்பு ரோமத்தால் மூடிவிட்டுப் போகும். இலையடியில் பழுப்புப் பஞ்சுத் துணுக்கு ஒட்டினாற்போல இருக்கும். பொரித்து வரும் இளம்புழுக்கள் சில நாள் வரை கூட்டமாக ஒரே இலையில் இருந்து பச்சையத்தைச் சுரண்டும். இலை வெளுத்து நரம்பு தெரியும். வரப்பில் நடந்து போகும்போதே கண்ணில் படும். அந்த இலையை அப்படியே கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் ஒரு கூட்டமே ஒழிந்தது. அந்தச் சில நாளைத் தவறவிட்டால் புழு பிரிந்து கொல்லை முழுக்கப் பரவும். வளர்ந்த பிறகு பகலில் மண்ணுக்குள் ஒளிந்து, இரவில் மேயும். மருந்துக்கும் லேசில் மசியாது. கொட்டமுத்து எந்தப் புழுவையும் கொல்வதில்லை. இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், மீதி நம் கையில். ஊன்றிவிட்டு எட்டிப் பார்க்காதவன் புழுவுக்குச் சோறு போட்டு வளர்க்கிறான்.

மழை விழுந்ததும் மண்ணிலிருந்து அந்துப்பூச்சியாகக் கிளம்பும் சிவப்புக் கம்பளிப்பூச்சிக்கு இதே வேலையைக் காராமணி செய்யும்.

கம்பின் கதை வேறு. மழை தள்ளிப்போனால் மல்லாட்டையில் சுருள்பூச்சி பெருகும். இலையை மடித்துப் பின்னி உள்ளிருந்து தின்னும். முற்றினால் கொல்லையே தீய்ந்து கிடக்கும். மல்லாட்டைக்கு நடுவே கம்பு வரிசை விட்டால், அந்தப் புழுவின் மேல் முட்டையிட்டு அழிக்கும் கோனியோசஸ் என்கிற சின்னக் குளவி அங்கே தங்கிப் பெருகுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கம்பு ஊடுபயிரைப் பரிந்துரைக்கிறது. கடைக்குப் போனால் பாட்டிலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கண்டபடி அடித்தால் குளவியும் சேர்ந்து சாகும், இதை யாரும் சொல்வதில்லை. அதற்காக மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வறட்சி நீண்டால் கம்பையும் மீறிச் சுருள் விழும், அப்போது அடித்துத்தான் ஆகவேண்டும்.

ஆடிப்பட்டத்தில் விதைக்கிறவர்கள் ஆறு வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை கம்பு விட்டுப் பாருங்கள். பூச்சி வராத வருஷத்திலும் தட்டு மாட்டுக்கு ஆகும்.