நிருபரின் கண்ணும் ஆசிரியரின் கேள்வியும்

வானொலியில் நேயர்கள் நாள்தோறும் கேட்கும் வெளிநாட்டுச் செய்தி பெரும்பாலும் இருவர் கைப்பட்டே வருகின்றது. ஒருவர், சம்பவம் நிகழ்ந்த இடத்தில் நின்று எழுதும் நிருபர். மற்றவர், தொலைவில் அமர்ந்து அதனை ஆராய்ந்து, வெளியிடத் தகுந்ததா எனத் தீர்மானிக்கும் செய்தியாசிரியர். முன்னவருக்குக் கண்ணே துணை. பின்னவருக்கோ கேள்வியே துணை. இவ்விரு பணிகளையும் ஒருவரே அடுத்தடுத்து ஏற்கும்போது நேர்வன யாவை என்பதை, 'நியூ யோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் அரை நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றிய ஏ. எம். ரோசென்தாலின் வாழ்க்கை நன்கு விளக்குகின்றது.

1922ஆம் ஆண்டு கனடாவிலே பிறந்த ரோசென்தால், நியூ யோர்க் நகரில் வறுமையினிடையே வளர்ந்தார். கல்லூரி மாணவராயிருந்தபோதே கல்லூரிச் செய்திகளை அப்பத்திரிகைக்கு அனுப்பி வந்தவர், 1944இல் அதன் நிரந்தர ஊழியரானார். ஐக்கிய நாடுகள் சபைச் செய்திகளைச் சில ஆண்டுகள் எழுதியபின், 1954இல் இந்தியாவுக்கும் 1958இல் போலந்துக்கும் நிருபராக அனுப்பப்பட்டார்.

போலந்திலே அவர் அவுஷ்விட்ஸ் வதைமுகாமைச் சென்று பார்த்தார். யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. அங்கு நிகழ்ந்த கொடுமைகளை உலகம் முன்னரே அறிந்திருந்தது. செய்தி என்று சொல்லத்தக்க புதுமை யாதும் இல்லை. ஆயினும், கண்டதை எழுதாது திரும்ப அவர் மனம் இசையவில்லை. 1958 ஓகஸ்டில் வெளியான அக்கட்டுரை இன்றளவும் பேசப்படுகின்றது. செய்தியில்லாத இடத்திலும், நேரிற் சென்ற கண்ணுக்குச் சொல்வதற்கு ஒன்று இருக்கும் என்பதை அது காட்டியது.

1959 நவம்பரில் போலந்து அரசாங்கம் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. அவர் பொய் எழுதினார் என்று அது குற்றஞ்சாட்டவில்லை. உள்நாட்டு நிலைமையை அளவுக்கு மீறி ஆழமாக வெளிப்படுத்திவிட்டார் என்பதே அதன் குறையாயிருந்தது. ஒரு நிருபருக்கு இதனினும் பெரிய நற்சான்று வேண்டுமோ? மறு ஆண்டில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பின்னர் யப்பானிலும் பணிபுரிந்த ரோசென்தால், 1963இல் நியூ யோர்க்குக்கு அழைக்கப்பட்டு, நகரச் செய்திப் பிரிவின் ஆசிரியரானார். அன்றுமுதல் அவர் பிறருடைய கண்களாலேயே உலகைக் காணவேண்டியவரானார்.

1964 மார்ச்சில் அந்நகரில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் இரவிலே குத்திக் கொல்லப்பட்டாள். சில நாட்களின்பின் பொலிஸ் ஆணையாளருடன் உணவருந்தியபோது, 38 பேர் அக்கொலைக்குச் சாட்சிகள் என்று ரோசென்தால் கேள்விப்பட்டார். உடனே ஒரு நிருபரை அனுப்பினார். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும், தாக்குதலின்போது ஒருவரேனும் பொலிசாரை அழைக்கவில்லை எனச் செய்தி முதற்பக்கத்தில் வெளியாயிற்று. நாடே அதிர்ந்தது. அச்சம்பவத்தைக் கொண்டு ரோசென்தால் ஒரு நூலும் எழுதினார். ஆபத்து வேளையில் கூட்டம் ஏன் வாளாவிருக்கின்றது என்ற உளவியல் ஆராய்ச்சிக்கும் அதுவே தூண்டுகோலாயிற்று.

ஆனால், அச்செய்தி பெரிதும் பிழையானது. கொலையைத் தெளிவாகக் கண்டோர் மிகச் சிலரே. பலர் காதில் கூச்சல் மாத்திரமே விழுந்தது. அயலவளான ஒரு பெண் ஓடிச் சென்று, உயிர் பிரியும் தறுவாயிலிருந்தவளைத் தாங்கிக்கொண்டாள். சாட்சிகளின் தொகையும் அவர்கள் கண்டதும் மிகைப்படுத்தப்பட்டன என்பதை 2016இல் அப்பத்திரிகையே ஒப்புக்கொண்டது. எண்ணியவர் யார், அந்த 38 பேரும் கண்டது யாது என்ற கேள்விகள் 1964இல் போதிய கடுமையுடன் கேட்கப்படவில்லை.

1971இல் நிகழ்ந்தது இதற்கு மாறானது. அப்பொழுது ரோசென்தால் பத்திரிகையின் நிர்வாக ஆசிரியராயிருந்தார். வியட்நாம் யுத்தத்தைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தயாரித்த, சுமார் 7,000 பக்கங்கள் கொண்ட இரகசிய ஆவணம் ஒரு நிருபரின் கைக்கு எட்டியது. ஆசிரியர் குழுவினர் ஹொட்டேல் அறைகளில் பல வாரங்கள் மறைவாக இருந்து, அது மெய்யானதுதானா என்று ஆராய்ந்தபின்னரே யூன் 13ஆந் திகதி வெளியிடத் தொடங்கினர். அரசாங்கம் நீதிமன்றத்தின் மூலம் தடை பெற்றது. யூன் 30ஆந் திகதி உயர் நீதிமன்றம், ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, பத்திரிகைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

1977 முதல் 1986 வரை பிரதம ஆசிரியராயிருந்த ரோசென்தால் 2006இல் காலமானார். கோபக்காரர் என்று பெயரெடுத்தவராயினும், செய்தியிற் பத்திரிகையின் சொந்தக் கருத்துக் கலவாமற் காத்தவர் என அவரை மதித்தோர் பலர்.

மேலிடத்திலிருந்து வந்த ஓர் எண் 1964இல் எளிதாக ஏற்கப்பட்டது. கையிற் கிடைத்த ஆவணமே 1971இல் பல வாரங்கள் ஐயுறப்பட்டது. இரண்டின்போதும் ஆசிரியர் பொறுப்பிலிருந்தவர் ஒருவரே. ஆகவே, ஆசிரியரின் திறமை அவர் முன்னர் கண்ட நாடுகளில் இல்லை; தாம் காணாத ஒன்றை அச்சேற்றுமுன் அவர் கேட்கும் கேள்வியிலேயே இருக்கின்றது. செய்தியைக் கேட்கும் நேயரும், இதனைக் கண்டவர் யார் என்று ஒரு கணம் வினவுவது நன்று.