மூன்று விநாடிப் பாடம்

சென்னைக்கு வடக்கே சோழவரம் என்னும் ஊரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில்தான் கார்ப் பந்தயங்களையும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களையும் பல ஆண்டுகள் நடத்தியது. நம் தாத்தாக்களில் சிலர் அவற்றை நேரில் கண்டிருக்கவும் கூடும். பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஒரு தடம் திறக்கப்பட்டது.

இத்தகைய தடங்களில் ஓட்டுவோர் எல்லாரும் பந்தயத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வாரநாட்களில் அலுவலகத்திலோ கடையிலோ பணியாற்றிவிட்டு, விடுமுறை நாளில் ஹெல்மெட் அணிந்து தடத்தில் இறங்கும் ஆர்வலர்களும் உலகெங்கும் உண்டு. இவர்களுக்குப் பயிற்சி குறைவு. ஆனால் தடத்தின் சுவர் ஆள் பார்த்து மோதுவதில்லை. உலக வீரருக்கும் ஆர்வலருக்கும் அதன் கடினம் ஒன்றே. அப்படியானால் விபத்து நேரும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் அவர் என்ன செய்ய வேண்டும்? தோழியரே, இக்கேள்விக்கான விடையில் நம் இயற்பியல் பாடமும் இருக்கிறது. வாழ்க்கைப் பாடமும் இருக்கிறது.

மோதலில் நடப்பது என்ன?

ஓடும் பொருள் ஓடிக்கொண்டேயிருக்க விரும்பும் என்பது நியூட்டனின் முதல் விதி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. அது சுவரில் மோதி நின்றுவிட்டாலும், உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னே பாய முயல்கிறது.

இங்கே முக்கியமானது நிற்பதற்குக் கிடைக்கும் தூரம். அந்த வேகத்திலிருந்து அரை மீட்டருக்குள் நிற்க நேர்ந்தால், உடல் தாங்க வேண்டிய விசை அதன் எடையைப்போல் 79 மடங்காகிறது. ஒன்றரை மீட்டரில் நின்றால் அது 26 மடங்குதான். தடத்தின் ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கி வைப்பதும், காரின் முன்பகுதி நசுங்கும்படி அமைக்கப்படுவதும் இந்தக் கூடுதல் தூரத்திற்காகவே.

ஒருவருடைய கை மூன்றரைக் கிலோ எடையுள்ளது என்று வைத்துக்கொள்வோம். 26 மடங்கு என்றால் அந்தக் கை 91 கிலோவைப்போல் கனக்கும். “கையை ஊன்றிக்கொண்டு தப்பிவிடலாம்” என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கார் கைமீறும்போது

முதற் கட்டம், கார் தடத்தை விட்டு விலகத் தொடங்கும் நேரம். புதியவர்கள் இங்கே மூன்று தவறுகள் செய்வதுண்டு.

முதலாவது, வளைவின் நடுவில் அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடுவது. அப்போது காரின் பாரம் முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து வழுக்குகின்றன. இரண்டாவது, இரண்டு சக்கரங்கள் புல்லில் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பித் தடத்திற்கு வர முயல்வது. அப்படிச் செய்தால் கார் தடத்தின் குறுக்கே பாய்ந்து எதிர்ப்புறச் சுவரில் மோதக்கூடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, மெல்ல வேகம் குறைத்து, வேண்டுமானால் முழுவதுமாகவே புல்லில் இறங்கிவிடுவது நல்லது. ஓரிடம் பின்தங்கினால் என்ன, உயிர் மிஞ்சுமே!

மூன்றாவது தவறு கண் செய்வது. எந்தச் சுவரைக் கண்டு அஞ்சுகிறோமோ அதையே உற்றுப் பார்ப்பது மனித இயல்பு. பார்க்கும் திசையிலேயே கையும் திருப்பும். எனவே போக வேண்டிய இடத்தைப் பார் என்பது பந்தயப் பள்ளிகளில் திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் பாடம்.

இவ்வளவும் பயனின்றிக் கார் பம்பரம்போல் சுழன்றால், “இரண்டு காலும் உள்ளே” என்பது விதி. அதாவது ஒரு காலால் கிளட்சையும் மறு காலால் பிரேக்கையும் முழுதாக அழுத்த வேண்டும். சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் கார் ஏறத்தாழ ஒரே திசையில் வழுக்கிச் செல்லும். பின்னால் வருவோர் அதன் போக்கைக் கணித்து விலகிப் போக முடியும். பாதியில் பிரேக்கை விட்டால் கார் மீண்டும் உருண்டு பிறர் வழியில் குறுக்கிடும். ஆகவே கார் முற்றிலும் நிற்கும்வரை காலை எடுக்கலாகாது. இந்த விதி நம்மைக் காப்பதோடு பின்னால் வருபவரையும் காக்கிறது.

மோதல் உறுதியானபின்

இனித் தப்ப முடியாது என்று தெரிந்ததும் செய்ய வேண்டியது விந்தையாகத் தோன்றும். ஸ்டியரிங்கை விட்டுவிட வேண்டும்!

ஏன்? முன்சக்கரம் சுவரில் இடித்துத் திரும்பினால், அதனோடு இணைந்த ஸ்டியரிங்கும் மின்னல் வேகத்தில் சுழலும். இறுகப் பற்றியிருப்பவரின் கட்டைவிரலும் மணிக்கட்டும் முறியலாம். எனவே பிரேக்கை அழுத்தியபடியே, கடைசி நொடியில் கைகளை எடுத்து மார்பின் குறுக்கே வைத்துத் தோள்வார்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையைப் பின்சாய்வில் அழுத்திக்கொள்ள வேண்டும். கார் கவிழ்ந்து உருண்டால் கைகளைக் கூரையில் ஊன்றவோ வெளியே நீட்டவோ கூடாது.

பிடியை விடுவது எளிதன்று. ஆபத்து வந்தால் எதையாவது இறுகப் பற்றுவதே உடலின் இயல்பு. அதனால்தான் பயிற்சியாளர்கள் இதைக் காரை நிறுத்தி வைத்தபடியே பலமுறை செய்து பழகச் சொல்கிறார்கள்.

நின்ற பிறகு

கார் நின்றதும் ஆபத்து முடிந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. அதுவே பெரிய ஆபத்து.

தீயோ புகையோ இருந்தால் மின்சுவிட்சை அணைத்து, வாரைக் கழற்றி, உடனே வெளியேறித் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். தீ இல்லையேல் உள்ளேயே இருக்க வேண்டும். வாரைக் கழற்றலாகாது, ஹெல்மெட்டையும் எடுக்கலாகாது. ஏனெனில் பின்னால் வரும் இன்னொரு கார் மோதக்கூடும். என்ஜினை அணைத்து, நலமாக இருப்பதை மார்ஷல்கள் எனப்படும் தடக் காவலர்களுக்குக் கையசைத்துத் தெரிவித்து, அவர்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஒரு மண்தடப் போட்டியில் இருபது வயது இளைஞர் ஒருவரின் கார் சுவரில் மோதி நின்றது. அவருக்கு அதனால் உயிராபத்து இல்லை. ஆனால் அவர் காரை விட்டிறங்கித் தடத்தில் நடந்து, தம்மோடு போட்டியிட்டவரை நோக்கிச் சினத்துடன் கையை நீட்டினார். அந்தக் காரே அவர்மீது மோதிவிட்டது, அவர் உயிரிழந்தார். அதே மாதத்தில் அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு, தீ முதலிய ஆபத்து இல்லாவிடில் அலுவலர் சொல்லும்வரை காரை விட்டு இறங்கலாகாது என்று விதி செய்தது. விபத்தில் பிழைத்த ஒருவரைக் கோபம் பறித்துக்கொண்டது. எவ்வளவு வருந்தத்தக்கது!

இன்னொன்று: “எனக்கு ஒன்றுமில்லை” என்று ஓட்டுநர் சொன்னாலும் மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். தலைக்குள் ஏற்பட்ட அதிர்ச்சி அடிபட்டவருக்கே உடனே தெரியாமல் போகலாம்.

முன்னரே செய்ய வேண்டியவை

உண்மையில் விபத்து நேரத்துச் செயல்களில் பெரும்பகுதி விபத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வாரை உடலோடு ஒட்ட இறுக்குவது, காருக்குள் தளர்ந்த பொருள் எதையும் வைக்காதிருப்பது, கண்ணை மூடிக்கொண்டே வெளியேறப் பழகுவது, இவை யாவும் புறப்படுமுன் செய்பவை.

1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் என்னும் வீரர் மழையில் விபத்துக்குள்ளானார். கசிந்த பெட்ரோலில் நனைந்தபடி, ஸ்டியரிங்குக்குக் கீழே கால் சிக்கி ஏறத்தாழ 25 நிமிடம் கிடந்தார். ஸ்டியரிங்கைக் கழற்ற ஒரு ஸ்பேனர்கூட அங்கே இல்லை! சக வீரர்கள் இருவர் பார்வையாளர் ஒருவரிடம் கருவியை இரவல் வாங்கி அவரை மீட்டனர். அதன்பின் அவர் தம் காரிலேயே ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டார். தடங்களின் பாதுகாப்புக்காக ஓயாது வாதாடவும் செய்தார்.

1981-இல் பந்தய வீரர் ஜிம் டௌனிங் தம் நண்பர் ஒருவரைச் சோதனை ஓட்ட விபத்தில் இழந்தார். வார் உடலைப் பிடித்துக்கொள்கிறது. தலையை யார் பிடிப்பது? தம் மைத்துனரான பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டிடம் இதைப் பற்றிப் பேசினார். அவர் வடிவமைத்ததே ‘ஹான்ஸ்’ என்னும் கழுத்துக் காப்பு. தோளில் அமரும் அந்த வளையம், ஹெல்மெட்டை வார்களால் பிணைத்துத் தலை முன்னே வீசப்படாமல் காக்கிறது. பல வீரர்கள் அதை அணிய வசதியில்லை என்று ஒதுக்கினர். 2001 பிப்ரவரியில் புகழ்பெற்ற டேல் ஏர்ன்ஹார்ட், அதை அணியாமல் ஓட்டிச் சுவரில் மோதி, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே நாஸ்கார் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் 2003-இல் ஹான்ஸைக் கட்டாயமாக்கியது.

அதன் பயனை உலகம் கண்டது 2020 நவம்பர் 29 அன்று. பஹ்ரைன் பந்தயத்தின் முதற்சுற்றில் ரோமன் குரோஷானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதியது. விசை 67 மடங்கு. கார் இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. ஹான்ஸும், தலைக்கு மேலிருந்த ‘ஹாலோ’ வளையமும், தீத்தடுப்பு உடையும் அவரைக் காத்தன. ஆயினும் வெளியேற வேண்டியது அவரே அல்லவா? எழ முயன்றார், முடியவில்லை. மீண்டும் முயன்றார், கால் சிக்கியிருந்தது. காலணியை விட்டுவிட்டுக் காலை உருவிக்கொண்டு, ஏறத்தாழ 28 விநாடிகளுக்குப் பின் தீயினின்று வெளிவந்தார். கைகள் வெந்திருந்தன, உயிர் இருந்தது. தம் குழந்தைகளின் நினைவே தம்மை மீண்டும் எழச் செய்தது என்று அவர் பிறகு கூறினார்.

நமக்கு

நம்மில் எத்தனை பேர் பந்தயத் தடத்தில் இறங்கப் போகிறோம்? சிலர் இறங்கலாம், சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா என்னும் பெண் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பந்தயம் ஓட்டிக் காட்டியிருக்கிறாரே! மற்றவர்கள் அப்பாவின் காரிலோ அண்ணனின் ஸ்கூட்டரிலோ போகிறோம். அங்கேயும் நியூட்டனின் விதி அதுவே. ஆனால் சாலையில் டயர்ச் சுவரும் இல்லை. கையசைத்தால் ஓடிவரும் மார்ஷல்களும் இல்லை.

அந்த மூன்று விநாடிகளில் புதிதாக எதையும் கற்க நேரமில்லை. முன்பே பழகியதைத்தான் உடல் செய்யும். ஆகையால் இன்று மாலை காரில் ஏறினால், பின்னிருக்கையானாலும் சரி, வாரை மாட்டிக்கொள்வோம். ஸ்கூட்டரில் ஏறினால் ஹெல்மெட்டின் நாடாவை இறுகக் கட்டிக்கொள்வோம். அப்பா மறந்தால், “அப்பா, பெல்ட்!” என்று அன்போடு நினைவூட்டுவோம். அதற்கு ஒரு விநாடி போதும்.