உங்களுக்குத் தெரியுமா? இமயத்துக்குச் சோளிங்கரில் தயாராகலாம்

டென்சிங் நார்கே எவரெஸ்ட் உச்சி தொட்ட மறு ஆண்டே, 1954-இல், டார்ஜிலிங்கில் தொடங்கிய இமாலய மலையேற்றக் கழகத்தில் அவர்தான் களப்பயிற்சியின் முதல் இயக்குநர். உத்தரகாசியில் நேரு மலையேற்றக் கழகம் 1965-இல் வந்தது. இரண்டிலும் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். அதில் ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சி.

பனிச்சரிவில் வழுக்கினால் சட்டென்று குப்புறப் புரண்டு, பனிக்கோடரியை மார்போடு அணைத்து, அதன் கூர்முனையைப் பனியில் அழுத்தி நிற்க வேண்டும். கை யோசிக்காமல் செய்யும்வரை பயிற்சியில் இதையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள்.

இதற்கெல்லாம் உடலைத் தயார்படுத்த, நெமிலிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சோளிங்கர் பெரியமலை: 1,305 படிகள். முதுகுப்பையில் எடையை வாராவாரம் கொஞ்சம் கூட்டி ஏறுங்கள். முட்டிக்கு உண்மையான சோதனை இறங்கும்போதுதான், நிதானமாக இறங்குங்கள். புது பூட்ஸையும் இங்கேயே போட்டுப் பழக்கிவிடுங்கள், கொப்புளம் வருவதானால் ஊரிலேயே வரட்டும்.