முதிய கண்களும் இரவுச் சாலையும்

ஆரணியில் பட்டு நெசவு செய்துவந்த என் பெரியப்பாவுக்கு வயது 71. தறியை விட்ட பிறகும் மொபெட்டை அவர் விடவில்லை. ஒரு நாள் இரவு, வேலூர்ச் சாலையில் எதிரே வந்த லாரி கடந்து சென்ற மறு நொடி, ஓரமாக நடந்துகொண்டிருந்த ஒருவர்மீது மோதப் பார்த்தார். நல்லவேளை, நூலிழையில் தப்பினார் அம்மனிதர். "ஆள் இருந்ததே தெரியலைடா" என்றார் பெரியப்பா.

ஒரு மாதத்துக்கு முன்புதான் அவர் மருத்துவரிடம் சென்று, சுவர் அட்டையின் எழுத்துகளைத் தடங்கலின்றிப் படித்து, உரிமத்தைப் புதுப்பிக்கச் சான்று பெற்றிருந்தார். அட்டை தெரிந்த கண்ணுக்கு ஆள் தெரியாமற்போனது ஏன்? முதியவர்களை மீண்டும் சோதிக்கத்தான் வேண்டுமா? சற்றுச் சிந்திப்போம்.

சட்டம் சொல்வது

நமது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டினது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 55 வயதைக் கடந்தவர்க்கு உரிமம் 5 ஆண்டுகளுக்கே வழங்கப்படும். 40 வயதைத் தாண்டியவர் மருத்துவச் சான்று தர வேண்டும். காலம் முடிந்து ஓராண்டுக்குள் புதுப்பித்தால், வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே, முதுமையில் சோதிக்கப்படுவது உடல்நலமே. ஓட்டும் திறன் அன்று.

அளவுகோல் சோதனை

வயதானவர்க்குக் கைகால் சுறுசுறுப்பு குறைவதுதான் காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஓர் அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கப் பிடியுங்கள். அதன் சுழிக் குறி தாத்தாவின் விரல்களுக்கு இடையே இருக்கட்டும். சொல்லாமல் விட்டுவிடுங்கள், அவர் பிடிக்கட்டும். பிறகு நீங்கள் பிடித்துப் பாருங்கள். விழுந்த தொலைவு நேரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நீங்கள் படித்ததே. 20 செ.மீ. விழுந்தால் 0.20 வினாடி, 28 செ.மீ. விழுந்தால் 0.24 வினாடி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இந்த வேறுபாட்டினால் வண்டி கூடுதலாக ஓடுவது அரை மீட்டருக்கும் குறைவே!

சாலையிலோ, கண்டு, இன்னதென அறிந்து, முடிவெடுத்து, பிறகே பிரேக்கை அழுத்துகிறோம். இதற்கு ஒரு வினாடிக்கு மேலும் ஆகலாம். வயதேற ஏற இது நீளும். எனினும், கண்டால்தானே மற்றவை? ஆகவே கண்ணைக் கவனிப்போம்.

ஒளி குறையும் கண்

இருளில் நம் கண்பாவை விரிந்து, அதிக ஒளியை உள்ளே விடுகிறது. முதுமையில் அது முன்போல் விரிவதில்லை. கண்வில்லையும் மஞ்சளித்து, ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. 20 வயதில் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே 60 வயதில் அடைகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வில்லையிலுள்ள புரதங்கள் திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. தூசு படிந்த கண்ணாடியின் வழியே விளக்கைப் பார்ப்பது போன்றது இது. எதிர்வண்டியின் ஒளி கண்ணுக்குள் வெண்திரையாகப் பரவி, மங்கலான உருவங்களை மறைத்துவிடும். அது விலகியபின் கண் தெளியவும் அதிக நேரமாகும். சுவர் அட்டையோ நல்ல வெளிச்சத்தில், வெள்ளைமேல் கறுப்பாக இருக்கிறது. இருளில் கறுப்புச் சட்டை அணிந்து நடப்பவரைக் காணும் திறனை அது அளப்பதில்லை.

வெள்ளெழுத்து இதனின்று வேறானது. ஜரிகை இழையைக் காண மூக்குக்கண்ணாடி தேடும் நெசவாளர், தொலைவில் வரும் பஸ்ஸின் பலகையை எளிதில் படிப்பார். அதைக்கொண்டு அவரை ஓட்டத் தகாதவர் என்பது தவறு.

ஒரு சிறு கணக்கு

இரவில் ஒருவர் 30 மீட்டர் தொலைவில்தான் தெரிகிறார் என்று கொள்வோம். பிரேக்கை அழுத்த 1.5 வினாடியும், வேகக் குறைப்பு வினாடிக்கு வினாடி 5 மீட்டரும் எனில், 40 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க 17 + 12 = 29 மீட்டர் தேவை. தப்பித்தார்! 60 கி.மீ. வேகத்தில் 25 + 28 = 53 மீட்டர். அங்கே இளைஞரின் விரைந்த கையும் பயன்படாது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். இவர்களில் மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதினர். எனவே பழி முழுவதையும் முதுமையின்மேல் போடுவது பொருந்தாது.

பிற நாடுகளில்

ஜப்பானில் 75 வயதைக் கடந்தோர்க்கு நினைவாற்றல் சோதனை 2009-இல் வந்தது. குறிப்பிட்ட விதிமீறல்கள் செய்தோர் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது 2022-இல் வந்தது. டென்மார்க்கிலோ, 70 வயதினர்க்கு வைத்த அறிவாற்றல் சோதனையால் அவர்களது கார் விபத்துச் சாவுகள் குறையவில்லை என 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. மாறாக, நடந்தும் சைக்கிளிலும் சென்ற முதியோர் சாவுகள் கூடின. வண்டியைப் பறித்தால் ஆபத்து நீங்குவதில்லை, இடம் மாறுகிறது.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? வேண்டும், ஆனால் வயதை அன்று, திறனை அளக்க வேண்டும். மங்கிய ஒளியிலும் கூசும் ஒளியிலும் கண்ணைச் சோதிக்க வேண்டும். இரவில் தகாதவர்க்குப் பகலில் மட்டும் ஓட்ட உரிமம் தரலாம்.

பெரியப்பாவுக்குக் கண்புரை இருந்தது. அறுவை செய்துகொண்டார். இப்போதும் பகலில் கடைத்தெருவுக்கு மொபெட்டில்தான் போகிறார். பொழுது சாய்ந்தால், சாவி என்னிடம். நீங்களும் இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: "தாத்தா, எதிர்வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா?"