ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கின் தாய்மார்கள்

நேற்று நன்றாக ஒப்பித்த பாடத்தை இன்று அறவே மறந்துவிட்டு விழிக்கின்ற சிறுவனை, அவன் வேண்டுமென்றே சோம்பித் திரிகிறான் என்று கருதித் தண்டிக்கின்ற உபாத்தியாயரும், பேச்சில் வயதுக்கு மிஞ்சிய சாமர்த்தியம் காட்டும் பெண் கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கத் தெரியாமல் திரும்புவதைக் கண்டு அவளைக் கள்ளியென்று ஏசுகின்ற உறவினரும் உலகத்தில் பல தேசங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஊனத்தைக் கண்டுகொள்ள அவர்களுக்கு ஒருவரும் கற்றுத் தரவில்லை. கர்ப்ப காலத்தில் தாய் அருந்திய மதுவினால் குழந்தையின் மூளைக்கும் உடலுக்கும் நேர்கின்ற பலவகைக் கேடுகளை இப்போது வைத்தியர்கள் கருக்கால மதுப் பாதிப்பு என்று ஒரே தொகுதியாகக் கொண்டு ஆராய்கிறார்கள். அந்த அறிவை வைத்தியர்கள் கொண்டுவந்து கொடுக்கும்வரை காத்திராமல், தானாகவே தேடிச் சென்று பெற்றுக்கொண்ட ஒரு சமூகம் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இருக்கிறது.

பாதிப்பின் தன்மையை முதலில் அறிந்துகொள்வது நல்லது. தாய் அருந்தும் மது அவளுடைய இரத்தத்தில் கலந்த சிறிது நேரத்துக்கெல்லாம் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து சிசுவின் இரத்தத்தை அடைகிறது. அதை முறித்து அகற்றும் சக்தி முதிராத அந்தச் சிறு கல்லீரலுக்கு இல்லாமையால், பனிக்குட நீரிலும் தங்கி நின்று சிசுவை மேலும் தீண்டிக்கொண்டிருக்கிறது. முகத்தின் உறுப்புகள் உருப்பெறும் ஆரம்ப வாரங்களில் மது மிகுதியாகச் சேருமாயின், கண்களின் திறப்பு குறுகியும், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே உள்ள பள்ளம் மழுங்கியும், மேலுதடு மெலிந்தும் போகக்கூடும். ஆயினும் இந்த அடையாளங்கள் பாதிக்கப்பட்டவர்களுள் ஒரு சிலரிடமே காணப்படுவன. பெரும்பாலோர் பார்வைக்கு மற்றக் குழந்தைகளைப் போலவே இருப்பார்கள் என்பதுதான் இந்த விஷயத்தின் பெருந்துயரம். மூளையோ கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்கள் முதல் பிரசவம் வரையில் இடைவிடாமல் வளர்வதாகையால், ஆபத்துக்கு அப்பாற்பட்ட மாதம் என்று ஒன்றுமில்லை. இந்த அளவுக்குக் குடித்தால் தீங்கில்லை என்று வைத்தியர்கள் துணிந்து சொல்லத்தக்க அளவும் இல்லை. அதே காரணத்தால், எந்த மாதத்தில் குடியை நிறுத்தினாலும் அன்று முதல் சிசுவுக்கு நன்மை உண்டு. கர்ப்பமென்று தெரியாமலே முதல் வாரங்களில் குடித்துவிட்டேனே என்று கலங்குகின்ற பெண்ணுக்கு எவரும் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டியது இதுவே.

1968-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து நான்ட் நகரில் குழந்தை வைத்தியராக இருந்த பால் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையைப் பிற தேசத்தார் அதிகம் பொருட்படுத்தவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இருவர் லான்ஸெட் சஞ்சிகையில் அதே கேட்டை விவரித்து அதற்கு ஒரு பெயரும் சூட்டிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. அதே நகரத்து மனோதத்துவ நிபுணரான ஆன் ஸ்ட்ரைஸ்குத், பாதிக்கப்பட்ட 400-க்கு மேற்பட்டவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட அறிக்கை, எனக்கு எல்லாவற்றினும் முக்கியமாகத் தோன்றுகிறது. படிப்பு பாதியில் முறிவதும், போலீஸாரிடம் சிக்குவதும், மனநோய்க்கு ஆளாவதும் அவர்களிடையே மிக அதிகம் என்று கண்ட அந்த அம்மையார், இவையெல்லாம் மூளைச் சேதத்தின் நேர் விளைவுகள் அல்லவென்றும், சேதம் உணரப்படாமையால் பின்னர் வந்து சேர்ந்தவை என்றும் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஆறு வயதுக்கு முன்னரே குறை இன்னதென்று கண்டறியப்பட்டு, அடிக்கடி இடம் மாறாத அன்பான வீட்டில், அடி உதை அறியாமல் வளர்ந்த குழந்தைகள் இந்த இரண்டாவது துன்பத்துக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே ஆளானார்கள். மூளையின் சேதத்தை மாற்ற எவராலும் இயலாதாயினும், அதன்மேல் வந்து படியும் துன்பத்தைத் தடுக்கச் சுற்றத்தாரால் இயலும் என்பது இதனால் விளங்கும்.

இனி ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்குக்கு வருவோம். பெர்த் நகரிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், கிம்பர்லி பிரதேசத்தில், ஃபிட்ஸ்ராய் நதியின் கரையில் அமைந்த சிற்றூர் ஃபிட்ஸ்ராய் கிராசிங். அதைச் சுற்றிலும் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில் புனுபா, வால்மஜாரி, குனியாண்டி முதலிய பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வெள்ளையர் வந்து அவர்களுடைய நிலங்களை மாட்டுப் பண்ணைகளாக்கிய பின்பு, தங்கள் சொந்த மண்ணிலேயே உணவுக்கும் உடைக்கும் உழைத்துக் கிடந்த அம்மக்கள், 1960-களின் இறுதியில் மற்றத் தொழிலாளருக்குரிய சம ஊதியம் அவர்களுக்கும் உண்டென்று சட்டம் விதித்தபோது, அந்த ஊதியத்தைக் கொடுக்க மனமில்லாத பண்ணை முதலாளிகளால் கூட்டங் கூட்டமாக வெளியேற்றப்பட்டு, ஊரோரத்துக் கூடாரங்களில் வந்து ஒதுங்கினார்கள். மது வாங்கக் கூடாதென்று பழங்குடியினருக்கு இருந்த தடையும் ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே நீங்கிற்று. வேலையும் நிலமும் போன மக்களுக்கு எதிரில் மதுக்கடையின் கதவு மட்டும் திறந்து கிடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளாமல் அந்தத் தாய்மார்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

2006-ஆம் ஆண்டை ஒட்டித் தற்கொலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்து, வாரம் தவறாமல் இழவு வீடு போய்வரும் நிலைமை ஏற்பட்டபோது, அந்தப் பள்ளத்தாக்கின் மூத்த பெண்கள் 2007-இல் ஊருக்கு வெளியே திறந்த வெளியில் கூடி ஆலோசித்து, வெளியே எடுத்துச் செல்லும் கடும் மதுவின் விற்பனையை நிறுத்தும்படி அரசாங்கத்தைக் கேட்பதென்று தீர்மானித்தார்கள். மார்னின்வார்ன்டிகுரா என்ற பெண்கள் நிலையத்தைச் சேர்ந்த ஜூன் ஆஸ்கார், எமிலி கார்ட்டர் ஆகியோர் முன்னின்று நடத்திய அந்த முயற்சிக்கு உள்ளூரிலேயே எதிர்ப்பு இருந்தது. தலைவிகள் நிந்தனைக்கும் ஆளானார்கள். ஆயினும் அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், நூற்றுக்கு 2.7 பங்குக்கு மேல் மதுச்சாரம் உள்ள எந்தப் பானத்தையும் வெளியே கொண்டுபோகும்படி விற்கலாகாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. வீடுகளில் அடிதடியும், காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவோர் தொகையும் குறைந்தன என்று பின்னர் நடந்த மதிப்பீடு கூறிற்று. யாஜிலாரா என்ற பெயரில் படமாக்கப்பட்ட இந்த வரலாறு 2009-இல் ஐக்கிய நாடுகள் சபையிலும் காட்டப்பட்டது.

ஊரில் சற்று அமைதி திரும்பிய பிறகே அந்தப் பெண்களால் குழந்தைகளை நிதானமாக நோக்க முடிந்தது. பள்ளியில் நிலைக்காத குழந்தைகள், பாட்டிமார் சொல்லும் கதையை நினைவில் வைத்துக்கொள்ள முடியாத குழந்தைகள் தங்களிடையே அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். எழுத்தில் அல்லாமல் வாய்மொழியாகவே தம் மொழியையும் சட்டத்தையும் பாட்டையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த சமூகத்துக்கு, ஞாபகசக்தியின் குறை என்பது படிப்பின் குறை மட்டுமன்று. தன் பரம்பரையே அறுந்துபோகும் அபாயமாகும். ஆகவே மாருலு என்ற பெயரில் ஒரு திட்டம் வகுத்துக்கொண்டு, இந்த ஆராய்ச்சியைச் செய்து தாருங்கள் என்று ஸிட்னி நகரத்துக் குழந்தை வைத்தியப் பேராசிரியரான எலிசபெத் எலியட் முதலியோரை அவர்களே அழைத்தார்கள். ஆராய்ச்சியாளர் வந்து பழங்குடியினரை அளந்து பார்த்து, ஏட்டில் எழுதிக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்விடும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கண்ட மக்கள் அவர்கள். ஆதலால், ஆராய்ச்சி யாருக்குச் சொந்தம், முடிவுகளை யார் வெளியிடுவது, குழந்தைக்கு என்ன நன்மை கிட்டும் என்பவற்றை முதலில் பேசி முடித்த பிறகே கதவைத் திறந்தார்கள்.

லிலில்வான் என்று பெயரிடப்பட்ட அந்த ஆராய்ச்சி, 2002, 2003-ஆம் ஆண்டுகளில் பிறந்து பள்ளத்தாக்கில் வசித்த குழந்தைகள் அனைவரையும் கருத்திற் கொண்டது. நூற்றுக்கு 95 குடும்பங்கள் சம்மதித்தன. கர்ப்ப காலத்தில் குடித்தீர்களா என்ற கேள்வியை அயலார் கேட்டால் எந்தத் தாயும் வாய் திறக்கமாட்டாள். உள்ளூரைச் சேர்ந்த வழிகாட்டிகள், அந்த மக்களின் பேச்சு வழக்கை அறிந்தவர்கள், உடன் அமர்ந்து பரிவோடு விசாரித்ததனால், பாதிக்கு மேற்பட்ட தாய்மார் ஆமென்று ஒப்புக்கொண்டார்கள். பின்னர் குழந்தை வைத்தியர், மனோதத்துவ நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர் முதலியோர் 108 குழந்தைகளைத் தனித்தனியே பரிசோதித்தனர். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை பாதிக்கப்பட்டிருப்பதாகத் தெரியவந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் செய்ய வேண்டியது இன்னதென்று எழுதி, குடும்பத்தாருக்கும் ஆசிரியருக்கும் நேரில் விளக்கினார்கள்.

உண்மையைச் சொன்ன அந்தத் தாய்மார்களின் தைரியத்தை நான் மிகவும் போற்றுகிறேன். அமெரிக்காவின் சில மாநிலங்களில், கர்ப்பிணி குடித்தால் அவளைக் கட்டாயமாகக் காவலில் வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. சிசுவின்மேல் கருணை கொண்டு இயற்றப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் அதன் பயன் என்ன? தண்டனைக்கு அஞ்சும் பெண் வைத்தியரிடம் வரமாட்டாள், வந்தாலும் மறைப்பாள், அவள் மறைத்த செய்தியோடு குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உதவியும் மறைந்துபோகிறது. இதற்கு நேர்மாறான வழியும் அமெரிக்காவிலேயே உண்டு. 1991-இல் சியாட்டில் நகரில் தொடங்கிய திட்டமொன்றில், குடிக்கும் போதை மருந்துக்கும் அடிமைப்பட்ட தாயின் வீட்டுக்கு அனுபவமுள்ள துணைவி ஒருத்தி மூன்று வருஷ காலம் போய்வருகிறாள். சிகிச்சைக்கும், வாடகை வீட்டுக்கும், கருத்தடை ஆலோசனைக்கும் கூடவே நடந்து செல்கிறாள். அந்தத் தாய் இடையில் மறுபடியும் குடித்துவிட்டாலும் துணைவி அவளைக் கைவிடுவதில்லை. கனடாவிலும் பல இடங்களில் இம்முறையைப் பின்பற்றுகிறார்கள்.

பாதிக்கப்பட்ட குழந்தையோடு அன்றாடம் பழகுவது எப்படி என்பதே சமூகக் கல்வியின் மிகப் பயனுள்ள பகுதி. ‘அறையை ஒழுங்குபடுத்து’ என்று பொதுவாகச் சொன்னால் அக்குழந்தைக்கு விளங்குவதில்லை. ‘புத்தகத்தை அலமாரியில் வை’ என்று சொல்லி, அது முடிந்த பின் அடுத்ததைச் சொன்னால் சந்தோஷத்தோடு செய்யும். எழுந்திருப்பது முதல் உறங்குவது வரை வேலைகளைப் படங்களாக எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பதும், ஒவ்வொரு நாளும் அதே வரிசையை மாற்றாமல் காப்பதும், கற்றதை மறந்தால் கோபியாமல் மீண்டும் கற்பிப்பதும் பலன் தருகின்றன. பெரும் இரைச்சலும் கூசும் வெளிச்சமும் உள்ள வகுப்பறையில் அந்தக் குழந்தை மூர்க்கமாக நடந்துகொண்டால், அமைதியான ஒரு மூலையைக் காட்டுவதே தகுந்த சிகிச்சை. நடந்ததை நினைவுகூர முடியாதபோது, விடுபட்ட இடத்தை மனம் தானாகவே கற்பனையால் நிரப்பிக்கொள்வதுண்டு. கேட்பவருக்கு அது பொய்யாகத் தோன்றினும், சொல்லும் குழந்தைக்கு ஏமாற்றும் நோக்கம் சிறிதுமில்லை. போலீஸ் நிலையத்தில் இந்தச் சுபாவம் எவ்வளவு அபாயகரமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெர்த் நகரத்தருகே பாங்க்ஸியா ஹில் என்ற இளங்குற்றவாளிகள் காவல் நிலையத்தில் இருந்தவர்களைப் பரிசோதித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 36 பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. அதற்கு முன் அவர்களுள் மிகச் சிலருக்கே அது கண்டறியப்பட்டிருந்தது. நீதிபதிகளும் போலீஸாரும் படிக்க வேண்டிய பாடம் பள்ளி ஆசிரியரின் பாடத்துக்குக் குறைந்ததன்று.

தடுப்பு முயற்சியைப் பொறுத்தவரை, மது விற்கும் கம்பெனிகள் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையைப் புட்டிகளில் அச்சிட வேண்டுமென்ற விதி ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 2020-இல் வகுக்கப்பட்டு, 2023 ஜூலை இறுதி முதல் கட்டாயமாயிற்று. ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கிலோ அதற்கு வெகு காலம் முன்பே மருத்துவிகளும் ஊர்ப் பெண்களும் கர்ப்பிணியிடம் மாத்திரமன்றி அவளுடைய கணவனிடமும் தாயிடமும் பேசினார்கள்; அவளைச் சுற்றிலும் எல்லோரும் குடித்துக்கொண்டிருக்க அவள் ஒருத்தியை விலக்கச் சொல்வது நடக்கிற காரியமா? கர்ப்ப காலத்தில் குடித்ததாகச் சொன்ன பெண்களின் விகிதம் 2010-க்கும் 2015-க்கும் இடையே அங்கே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

அன்று லிலில்வான் ஆராய்ச்சியில் சேர்ந்த குழந்தைகள் இன்று இருபது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் வாலிபப் பருவத்தை எட்டியபோது மறுபடியும் அவர்களைச் சந்தித்து, தேவைகளைக் கேட்டறிய வேண்டுமென்று அந்தச் சமூகமே வற்புறுத்தியது. அவ்வாறே இரண்டாவது ஆராய்ச்சியும் நடந்தது. இந்தப் பாதிப்பு வயதோடு மறைவதன்று. ஊனமுற்றோருக்கு அரசாங்கம் தரும் உதவியைப் பெறுவதற்கே நீண்ட விண்ணப்பங்களை நிரப்பவும், குறித்த நாளில் குறித்த மணிக்கு அலுவலகத்துக்குப் போய் நிற்கவும் வேண்டியிருக்கிறது. நாளையும் மணியையும் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாமைதான் அவர்களுடைய ஊனம். ஆகையால் பணத்தை ஒதுக்குவதோடு அரசாங்கங்கள் நின்றுவிடாமல், பிள்ளையின் மொழியைப் பேசுகிற, அவன் குடும்பத்தை அறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரைச் சம்பளம் கொடுத்து நிரந்தரமாக அமர்த்தி, அந்த வாலிபனைக் கையோடு அழைத்துச் சென்று அலுவலகத்தில் அவன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் செய்ய வேண்டும்.