ஆட்டம் வரும் முன்னே போகும் பணம்

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது. இன்னும் உருவாகாத கம்பியூட்டர் கேம் ஒன்றுக்கு ஆதரவாளராகச் சேர வழக்கமாகக் கேட்கப்படும் தொகை 25 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டால் 7,500 ரூபாய். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு தாய் அந்தச் சம்பளத்துக்கு ஐந்து நாளுக்கு மேல் மழையில் நின்று கொழுந்து பறித்தால் கிடைக்கும் பணம் அது. வங்கி அட்டை உள்ள மகன் அதைக் கைபேசியில் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடலாம். அனுப்பும் முன் அவன் அறிய வேண்டியவை சில உண்டு.

பழைய பாணி ரோல் பிளேயிங் கேம்களை, அதாவது பாத்திரமேற்று விளையாடும் ஆட்டங்களை, உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவற்றில் உரையாடல்களைப் பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டும். ஒரு குழுவையே நாம் வழிநடத்த வேண்டும். பெரிய வெளியீட்டாளர்கள் இந்த வகையை ஏறத்தாழக் கைவிட்டிருந்தார்கள். 2012 இல் பிரையன் ஃபார்கோவின் இன்எக்ஸைல் நிறுவனம் ‘வேஸ்ட்லாண்ட் 2’ செய்ய, இணையத்தில் பலரிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 9 இலட்சம் டொலர் கேட்டது. 61,290 ரசிகர்கள் 29 இலட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஒப்சிடியன் நிறுவனம் ‘பில்லர்ஸ் ஒஃப் எடர்னிட்டி’க்கு 11 இலட்சம் கேட்டு 39 இலட்சத்துக்கு மேல் பெற்றது. 2013 இல் இன்எக்ஸைலின் ‘டோர்மென்ட்: டைட்ஸ் ஒஃப் நுமெனேரா’ 41 இலட்சத்தைத் தாண்டியது.

மூன்றும் வெளிவந்தன, பாராட்டும் பெற்றன. ஆனால் சொன்ன தேதியில் ஒன்றுகூட வரவில்லை. ‘வேஸ்ட்லாண்ட் 2’ 2013 ஒக்டோபர் என்றது, 2014 செப்டெம்பரில் வந்தது. ‘பில்லர்ஸ்’ 2014 ஏப்ரல் என்றது, 2015 மார்ச்சில் வந்தது. ‘டோர்மென்ட்’ 2014 டிசம்பர் என்றது, 2017 பெப்ரவரியில் வந்தது. நிதி கூடக்கூட அறிவிக்கப்பட்ட துணைப் பாத்திரங்கள் சில அதில் கைவிடப்பட்டன. இத்தாலிய மொழிப் பதிப்பும் கைவிடப்பட்டது. பல ஆண்டு அனுபவமும் தேவைக்கு மேல் பணமும் இருந்தவர்களின் கதையே இது.

வேறு சில கதைகள் இதைவிட மோசம். ‘குரோனிக்கிள்ஸ் ஒஃப் எலிரியா’ என்ற இணையவழி ரோல் பிளேயிங் கேம் 2016 இல் 13 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. 2020 மார்ச்சில் பணம் தீர்ந்து ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஈதன் மொலிக் 2015 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிக்ஸ்டார்ட்டரில் நிதி பெற்ற திட்டங்களில் சுமார் 9 வீதம் வாக்களித்ததைத் தரவில்லை.

நம் பக்கத்திலும் பாடம் உண்டு. இந்தியாவின் போபாலைச் சேர்ந்த பைரோடாக்டில் குழு, பஞ்சத்தில் தவிக்கும் பழங்கால இந்திய நகரம் ஒன்றைக் களமாக வைத்து ‘அன்ரெஸ்ட்’ செய்ய 2013 இல் 3,000 டொலர் மட்டுமே கேட்டது. கேட்டதைப் போல் பல மடங்கு சேர்ந்தது. அடுத்த ஆண்டே ஆட்டம் வெளிவந்தது. சிறிய திட்டம், சிறிய வாக்குறுதி என்பதால் நிறைவேற்ற முடிந்தது. புனேயில் உருவான ‘ராஜி’ என்ற ஆட்டம் 2017 இல் கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டவில்லை. இலக்கு நிறைவேறினால்தான் அங்கே பணம் எடுக்கப்படும். ஆகவே ஆதரவாளர் யாரும் ஒரு சதமும் இழக்கவில்லை. செய்தவர்கள் வேறு வழியில் பணம் தேடி 2020 இல் அதை வெளியிட்டார்கள். எல்லாத் தளமும் இப்படி அல்ல. இண்டிகோகோ தளத்தில், இலக்கை எட்டாவிட்டாலும் சேர்ந்ததை எடுத்துக்கொள்ளும் முறை இருந்திருக்கிறது.

இப்படிக் கொடுக்கும் பணம் ஒரு பொருளை விலைக்கு வாங்குவது ஆகாது. கிக்ஸ்டார்ட்டர் தன்னைக் கடை அல்ல என்றே சொல்கிறது. திட்டம் முடங்கினால் அது தன் கையிலிருந்து பணத்தைத் திருப்பித் தராது. லயத்தில் சீட்டுப் பிடிப்பவர் ஏமாற்றினால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். கலிபோர்னியாவில் பதிவான கம்பனியின் வாசலுக்கு வட்டவளையிலிருந்து போக முடியாது. 25 டொலருக்காக வெளிநாட்டில் வழக்குப் போட்டால் வழக்குச் செலவே அதைவிடப் பன்மடங்காகும்.

ஆகவே நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும். இந்தக் குழு முன்பு ஒரு ஆட்டத்தையாவது முடித்திருக்கிறதா? விளையாடிப் பார்க்க ஒரு பகுதியாவது இருக்கிறதா, அல்லது படங்கள் மட்டும்தானா? இலக்கு தவறினால் பணம் எடுக்கப்படுமா? கேட்கும் தொகை செய்யப்போகும் வேலைக்குப் போதுமா? நான்கில் ஒன்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றாலும் பணம் அனுப்பாதீர்கள்.

நான்கும் சரியாக இருந்தாலும், வீட்டுச் செலவுக்கு வேண்டிய பணத்தைத் தொடாதீர்கள். காத்திருப்பவருக்கு நட்டம் இல்லை. ஆதரவாளர்கள் 2012 இல் பணம் கொடுத்த ‘பில்லர்ஸ் ஒஃப் எடர்னிட்டி’யை எபிக் கேம்ஸ் ஸ்டோர் என்ற இணையக் கடை 2020 டிசம்பரில் ஒரு வாரம் எல்லோருக்கும் இலவசமாகவே வழங்கியது. ஆட்டம் வெளிவரட்டும், விளையாடியவர்கள் சொல்லட்டும், விலை இறங்கட்டும். அதன் பிறகு வாங்கலாம்.