மூடாத குறியை உலாவி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் சுரங்கத்தைப் பற்றி ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு எழுதுகிறீர்கள். குறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்:

<சுரங்கம்><பெயர்>சாம்பியன் ரீஃப்</பெயர்><ஆண்டு>2001</சுரங்கம்>

பிழை எங்கே, தெரிகிறதா?

டப்பாவுக்குள் டப்பா வைப்பதை நினைத்துப் பாருங்கள். உள் டப்பாவை மூடிய பிறகுதான் வெளி டப்பாவை மூட முடியும். குறிகளுக்கும் அதே ஒழுங்குதான்.

திறக்கும் குறி வரும்போதெல்லாம் உலாவி அதன் பெயரைப் பட்டியலில் சேர்க்கும். மூடும் குறி வந்ததும், கடைசியாகச் சேர்த்த பெயரோடு ஒப்பிடும். பொருந்தினால் அதை நீக்கிவிட்டு மேலே படிக்கும்.

நம் கோப்பில் ‘சுரங்கம்’ மூடப்படும்போது, கடைசிப் பெயராக ‘ஆண்டு’ காத்திருக்கிறது. பிழை அங்கேயே பிடிபடுகிறது!

நீங்களே சோதிக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் ‘டாம்பார்சர்’ என்ற கருவி உலாவியிலேயே இருக்கிறது. அதனிடம் கோப்பின் உரையைக் கொடுத்து, எக்ஸ்எம்எல் என்று சொல்லுங்கள். பிழை இருந்தால், திரும்பி வரும் ஆவணத்தில் ‘பார்சர்எரர்’ என்ற குறி இருக்கும். அதைத் தேடினால் போதும்.

ஹெச்டிஎம்எல் என்று சொன்னால்? உலாவி எங்கும் நிற்காமல், தன் விதிப்படி ஒப்பேற்றிக்கொண்டு போய்விடும். பிழை உங்கள் கண்ணில் படாது. வலைப்பக்கத்துக்கு அந்தத் தாராளம் நல்லது. காலத்துக்கும் நிற்கவேண்டிய ஊர் வரலாற்றுக்கோ கறாரான சோதனையே காவல்.